பெட்டி திறக்க வந்தவர்கள்: ஓர் ஆடுபுலி ஆட்ட ஆப்பின் 14 மாதங்கள்

கோவையில் ஐந்து பேர் சேர்ந்து செய்த ஒரு ஆன்லைன் விளையாட்டின் பதிவு இது. விளையாட்டை வடிவமைக்கும் வேலை என்னுடையது. ஆட்டக்காரர்கள் தினமும் திரும்பி வர வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தோம். அது பலித்தது. பலித்த அதே ஏற்பாடு ஆட்டத்தை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது என்பது தெரிய எங்களுக்கு ஆறு மாதம் ஆனது. இந்த வேலையில் இருக்கும் வேறு யாருக்காவது அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ ஆப்பின் பெயரோ இதில் வராது.

பின்னணி

ஆடுபுலி ஆட்டத்தைக் கோயில் மண்டபத் தரையில் கோடு கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முக்கோணமாக ஒரு கட்டம், 23 புள்ளிகள், மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி, அதற்கு நேர் பின்னால் காலியாக இருக்கும் புள்ளியில் குதித்தால் ஆடு வெட்டுப்படும். ஆடுகளுக்கு வெட்டும் சக்தி கிடையாது. புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு ஜெயம். பதினைந்து ஆட்டையும் ஒவ்வொன்றாகக் கட்டத்தில் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயம் என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். நாங்கள் ஆறு என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டு பக்கமும் வேறு வேறு பலம், வேறு வேறு குறிக்கோள். இதுதான் இந்த ஆட்டத்தின் அழகு. செஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே படை. இங்கே புலியாக ஆடும்போது ஒரு மூளையும் ஆடாக ஆடும்போது இன்னொரு மூளையும் வேண்டும். இதை இருவர் ஆடும் ஆன்லைன் விளையாட்டாக்க வேண்டும் என்பது எங்களில் இருவருக்குக் கல்லூரிக் காலத்து ஆசை. ஒரு முதலீட்டாளர் சிறு தொகை போட்டார். ஒரு மெடிக்கல் கடை மாடியில் அறை எடுத்தோம். 2023 பொங்கலுக்கு ஆப் வெளியானது.

வருமானம் விளம்பரத்தில்தான். பணம் கட்டி ஆடுவது வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்தோம். அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் பற்றிய பேச்சு சூடாக இருந்தது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது. சட்டம் இல்லாமல் இருந்திருந்தாலும் எங்கள் முடிவு மாறியிருக்காது. எங்களில் ஒருவரின் சொந்தக்காரப் பையன் ரம்மியில் வண்டியை விற்றதை நாங்கள் கூடவே இருந்து பார்த்தவர்கள்.

முதல் மூன்று மாதம் கண்டது

பொங்கல் விடுமுறையில் நிறையப் பேர் இறக்கினார்கள். பழைய ஆட்டம், பாட்டி ஊர் ஞாபகம் என்று பேஸ்புக்கில் பகிர்ந்தார்கள். ஆனால் இறக்கியவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான் மறுநாள் வந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தப் பத்தில் ஒருவர் மிஞ்சுவதே கஷ்டம். இந்தத் துறையில் முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று மூன்று இடத்தில் ஆட்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். அதை ரிடென்ஷன் என்பார்கள். எங்களுடைய ஏழாம் நாள் எண்ணைப் பார்த்த முதலீட்டாளர், “இது ஓட்டைக் குடம், இதுல எவ்வளவு தண்ணி ஊத்தறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஏன் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு பொறியியல் கல்லூரி கேன்டீனில் இரண்டு நாள் உட்கார்ந்தோம். மாணவர்கள் கையில் போனைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தோம். அதில் ஒரு பெண் இன்னும் என் கண்ணில் நிற்கிறார். ஆப் அவருக்கு ஆடு பக்கத்தைக் கொடுத்தது. முதல் ஆட்டை நேராகப் புலிக்குப் பக்கத்தில் வைத்தார். பின்னால் காலி. எதிரி ஒரே தாண்டு. அவர் விரல் திரையின் மூலைக்குப் போய்ப் பின்வாங்கும் பட்டனைத் தேடியது. அப்படி ஒரு பட்டன் இல்லை. அடுத்த ஆட்டையும் அதேபோல் வைத்தார். மூன்றாவது ஆடு போனதும் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “நல்லா இருக்குண்ணா” என்றார். எழுந்து டீ வாங்கப் போய்விட்டார்.

அவர் ஆடியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்த இரண்டு நாளில் உட்கார்ந்த பலருக்கும் இதே கதைதான். கோட்டின் முனையில் வைத்த ஆட்டை அந்தக் கோட்டோடு தாண்ட முடியாது, அதனால் முதலில் முனைகளைப் பிடிக்க வேண்டும் என்பது இரண்டு ஆட்டம் ஆடியவருக்குத் தானாகப் புரியும். முதல் ஆட்டத்திலேயே புரிய வழியில்லை. பாட்டி இருந்தால் “அங்க வெக்காத, பின்னாடி பாரு” என்று சொல்லியிருப்பார். எங்கள் ஆப்பில் பாட்டி இல்லை.

பதில் அங்கேயே எங்கள் முன்னால் இருந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுதவும் செய்தோம். ஆனாலும் அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனோம்.

முதல் முடிவு: பெட்டி

கற்றுக்கொடுக்கும் பகுதியைத் திருப்பிச் செய்ய இரண்டு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். கையில் பணம் இருந்தது ஐந்து மாதத்துக்கு. தினசரிப் பரிசு வைப்பது இரண்டு வார வேலை. பெயர் பெற்ற எல்லா ஆப்பிலும் அது இருந்தது. நான்தான் அதை முன்வைத்தேன்.

ஏற்பாடு இதுதான். தினமும் ஆப்பைத் திறந்தால் ஒரு பெட்டி கிடைக்கும். உள்ளே ஆப்புக்குள் மட்டும் செல்லும் காசு, சில நாள் புது ஆட்டுத்தோல் நிறம், எப்போதாவது ஒரு தங்கப் புலி. என்ன வரும் என்பது தெரியாது. தொடர்ந்து வந்தால் நாளுக்கு நாள் பெட்டி பெரிதாகும். ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. இரவு எட்டு மணிக்கு “உங்கள் தொடர் அறுபடப் போகிறது” என்று நோட்டிஃபிகேஷன் போகும். பதினொன்றரைக்கு இன்னொன்று.

எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்கு உயிர்கள் எப்படிக் கட்டுப்படும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறா, நிச்சயமாக விழும் என்று தெரிந்த புறாவைவிட விடாமல் கொத்தும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பெட்டியை அப்படி அமைத்தேன். அன்று எனக்கு அது ஒரு நல்ல கருவியாகத் தெரிந்தது.

2023 மே மாதக் கடைசியில் பெட்டி வந்தது. இரண்டே வாரத்தில் தினசரி வருகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏழாம் நாள் எண் தலை நிமிர்ந்தது. பெட்டி திறக்கும்போது ஒரு விளம்பரம் காட்டினோம், வருமானமும் ஏறியது. முதலீட்டாளர் சந்தோஷப்பட்டார். நாங்கள் அன்னபூர்ணாவில் போய்ச் சாப்பிட்டோம். கற்றுக்கொடுக்கும் பகுதி அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போனது, அப்புறம் அதற்கடுத்த காலாண்டுக்கு.

விரிசல் தெரிந்த விதம்

செப்டம்பர் வாக்கில் எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒரு விஷயம் சொன்னார். ஆப்பைத் திறப்பவர்கள் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, ஆனால் நடந்து முடியும் ஆட்டங்களின் எண்ணிக்கை ஏறவே இல்லை. ஜூனில் இருந்த இடத்தில் இருக்கிறது, சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முதலில் அது பதிவுக் கோளாறு என்று நினைத்தோம். மூன்று நாள் நோண்டியதில் கோளாறு எதுவும் அகப்படவில்லை. அந்த எண் உண்மைதான்.

இன்னொன்றும் சொன்னார். ஆப்பை விட்டுப் போகிறவர்கள் சிறுகச் சிறுகக் குறைந்து போவதில்லை. தினமும் தவறாமல் வந்தவர் ஒரு நாள் தவறுகிறார், அதோடு சரி. மறுபடி வருவதே இல்லை.

அக்டோபரில், அப்படிப் போனவர்களில் ஏற்கெனவே எங்களோடு பேசச் சம்மதம் கொடுத்திருந்த பதினான்கு பேருக்கு போன் போட்டோம். அதில் ஒருவர் தென்மாவட்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். வரிசையாக 63 நாள். கடைசி நாற்பது நாளில் பெரும்பாலான நாள் இரவு 11.40-க்கு மேல்தான் வந்திருக்கிறார். இருபது விநாடி, முப்பது விநாடி. பெட்டியைத் திறந்துவிட்டு மூடியிருக்கிறார். அந்த நாற்பது நாளில் ஆடிய ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“கொழுந்தியா வீட்டுல விசேஷம் தம்பி. சார்ஜ் இல்ல. மறுநாள் பார்த்தா ஒண்ணுன்னு காட்டுது. அறுபத்து மூணு நாள் போச்சே. மறுபடி ஒண்ணுல இருந்து எவன் ஆரம்பிப்பான்? அழிச்சிட்டேன்.”

ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“ஆட்டமா? ஆரம்பத்துல ஆடுனேன். நல்ல ஆட்டம்லா அது. எங்க தாத்தா கூட ஆடிருக்கேன். அப்புறம் பெட்டி திறக்கத்தான் வருவேன். ராத்திரி படுத்த பொறவும் ஞாபகம் வந்து எந்திரிச்சிருக்கேன். போனது ஒரு வகையில நிம்மதிதான் தம்பி, தப்பா நினைச்சிக்கிடாதீங்க.”

அவர் தாத்தாவோடு ஆடிய ஆட்டம் அது. அதை ஆட வந்த மனிதரை நாங்கள் நாற்பது நாள் ராத்திரியில் எழுப்பி, ஆடவிடாமல், விளம்பரம் காட்டி அனுப்பியிருக்கிறோம். போனை வைத்த பிறகு அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. மற்ற பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் இதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள்.

இரண்டாம் முடிவும் அதற்கான காரணங்களும்

நவம்பரில் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். மூன்று கருத்து இருந்தது. தொடர் அறுந்தால் காசு கட்டி ஒட்டிக்கொள்ளும் வசதி தரலாம் என்றார் ஒருவர். பல ஆப்களில் இருப்பதுதான், வருமானமும் வரும். பெட்டியை மெல்லக் குறைக்கலாம் என்றார் இன்னொருவர். அடியோடு எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

முதல் யோசனையை நான் கடுமையாக எதிர்த்தேன். பயத்தை நாமே உண்டாக்கிவிட்டு, அந்தப் பயத்துக்கு மருந்தையும் நாமே விற்கிற வியாபாரம் அது. ஓராண்டுக்கு முன், 2022 டிசம்பரில், ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. அதில் 24.5 கோடி, ஆட்டக்காரர்களை ஏமாற்றும் பட்டன் அமைப்புகளால் வேண்டாத பொருளை வாங்க வைத்ததற்காக. எங்களுடையது அந்த அளவுக்குப் போகவில்லைதான். ஆனால் அதே பாதையில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

பெட்டியை ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கு நான் சொன்ன காரணம் ஒரு பழைய ஆய்வு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்டது. மழலையர் பள்ளியில் தானாகவே ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாதபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னதும் இதுவேதான். பெட்டிக்காக வருகிறோம் என்று மனசு முடிவு செய்துவிட்டால், அப்புறம் ஆட்டம் பெட்டிக்குப் போகும் வழியில் கிடக்கும் இடைஞ்சல்.

சரி, பெட்டியை எடுத்தால் திரும்பி வர என்ன காரணம் இருக்கும்? எங்களில் வயதில் சின்னவர் அதற்கு வழி காட்டினார். அவருடைய அப்பா இளமையில் தபால் செஸ் ஆடியவர். ஒரு போஸ்ட் கார்டில் ஒரு நகர்த்தல். அடுத்த கார்டு வரும்வரை வீட்டுப் பலகையில் காய்கள் அப்படியே நிற்கும், யாரும் தொடக்கூடாது. போஸ்ட்மேன் மணி கேட்டால் அப்பா வாசலுக்கு ஓடுவாராம். “அவரை யாரும் மிரட்டலையே. அந்தப் பக்கம் ஒரு ஆள் யோசிச்சு ஒண்ணு வெச்சிருக்கான், அது என்னன்னு பார்க்கணும், அவ்வளவுதான்” என்றார்.

எங்களை அந்தப் பேச்சுதான் திருப்பியது. தினம் ஒரே ஒரு புதிர், உலகம் முழுக்க எல்லோருக்கும் அதே புதிர் என்று 2021-இல் வந்த வேர்டில் என்ற சொல் விளையாட்டு எவ்வளவு பேரைச் சேர்த்தது என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். அதை ஒரு தனி ஆள் செய்தார். ஆடி முடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நாளை வரலாம். வந்த புதிதில் அது நோட்டிஃபிகேஷன் அனுப்பி யாரையும் கூப்பிட்டதில்லை. முடிகிற இடம் தெளிவாக இருந்தால் ஆட்கள் மறுநாள் வருவார்கள் என்பதற்கு அது எங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி.

முதலீட்டாளரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். எண்கள் விழும், முதல் இரண்டு மாதம் பார்க்கச் சகிக்காது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் அடுத்த தவணைப் பணத்தை மார்ச் மாத எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றார்.

என்ன மாற்றினோம்

2024 ஜனவரியில் மாற்றங்கள் வெளியாயின. நான்கு வேலை. அதில் முதலாவதுதான் உண்மையில் பெரிய வேலை.

கற்றுக்கொடுப்பது. முதல் ஆட்டத்தில் புதியவருக்குப் புலிப் பக்கம், எதிரே கம்ப்யூட்டர். தாண்டி வெட்டுவது எப்படி என்று விரல் தானாகப் பழகிவிடும். இரண்டாவது ஆட்டத்தில் ஆடு. ஆட்டை ஒரு புள்ளியின் மேல் பிடித்திருக்கும்போதே, அங்கே வைத்தால் எந்தப் புலி எந்தப் பக்கமிருந்து தாண்டும் என்பதை மெல்லிய சிவப்புக் கோடு காட்டும். வைக்காதே என்று தடுக்காது. விரலை எடுக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். ஐந்து ஆட்டத்துக்குப் பிறகு அந்தக் கோடு தானாக மங்கி மறையும். எங்களுக்குள் அதற்குப் ‘பாட்டி கோடு’ என்றே பெயர். எவ்வளவு கனத்தில் அது தெரிய வேண்டும் என்பதற்கு மட்டும் மூன்று வாரம் சோதித்தோம். அழுத்தமாக இருந்தால் ஆட்கள் கோட்டைப் பார்த்து ஆடுகிறார்கள், கட்டத்தைப் பார்ப்பதில்லை. மங்கலாக இருந்தால் வெயிலில் தெரிவதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துத்தான் அளவை முடிவு செய்தோம்.

இணை சேர்ப்பது. முன்பு யார் வந்தாலும் யாரோடும் கோத்துவிடுவோம். இப்போது செஸ்ஸில் இருக்கும் எலோ முறையைப் போல, ஜெயித்தால் ஏறித் தோற்றால் இறங்கும் மதிப்பெண் வைத்தோம். உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்ட முறை அது. ஆனால் இங்கே ஒருவருக்கு இரண்டு மதிப்பெண் வேண்டும் என்பது சீக்கிரமே தெரிந்தது. புலியாக அபாரமாக ஆடுகிறவர் ஆடாக வந்தால் தடுமாறுவார். அதனால் புலிக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று. ஒரு போட்டி என்றால் இரண்டு ஆட்டம், பக்கம் மாற்றி மாற்றி. இரண்டாவது முடிந்ததும் அடுத்த ஆட்டம் தானாக ஓடத் தொடங்காது. திரை நிற்கும்.

கடித ஆட்டம். தெரிந்தவரோடு ஆடலாம், ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம். எதிரில் இருப்பவர் நகர்த்தியதும் ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன். அதில் பயமுறுத்தும் சொல் எதுவும் இல்லை. “உங்கள் அக்கா ஒரு ஆடு வைத்திருக்கிறார்” என்ற மாதிரி இருக்கும். உறவுப் பெயரை ஆட்டக்காரரே வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி போனது. தொடர் கணக்கு போனது. அவரவர் சேர்த்த காசுக்குப் பதிலாக எல்லா நிறங்களையும் திறந்து கொடுத்துவிட்டோம். வராமல் இருந்தவர் திரும்பி வந்தால் அவர் விட்ட ஆட்டம் விட்ட இடத்தில் இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு 2004-இல் வெளிவரும் முன் சோதனைக் கட்டத்தில் இருந்தபோது, அதிக நேரம் ஆடுகிறவருக்கு அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அதையே திருப்பிப்போட்டு, ஓய்வெடுத்துவிட்டு வருகிறவருக்கு இரட்டிப்பு என்றார்கள். கணக்கு அடிப்படையில் ஒன்றுதான், ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். போய்விட்டு வருகிறவரைத் தண்டிக்காமல் வரவேற்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை அதைப் படித்துத்தான் நான் நம்பினேன்.

பின்விளைவு

ஜனவரி மோசமாக இருந்தது. தினசரி வருகை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. விளம்பர வருமானம் பாதிக்கு வந்தது. ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன. “90 நாள் சேர்த்தேன், எல்லாம் போச்சு” என்று எழுதியவருக்கு என்ன பதில் சொல்வது? அவருடைய கோபம் நியாயமானது. நாங்கள்தான் அவரைச் சேர்க்கச் சொன்னோம்.

பிப்ரவரி நடுவில் நண்பர் மறுபடி அந்த வரைபடத்தைக் காட்டினார். முடிந்த ஆட்டங்கள் ஏறத் தொடங்கியிருந்தன. புதிதாக வந்தவர்களில் முதல் ஆட்டத்தை நடுவில் விட்டு ஓடுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தார்கள். முப்பதாம் நாள் எண், பெட்டி இருந்த காலத்தைவிட மேலே இருந்தது. ஏழாம் நாள் எண் அப்படி இல்லை, பெட்டிக் காலத்தில்தான் அது உச்சம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு வாரக் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு எங்கள் பழைய ஆப்தான் சிறந்தது.

கடித ஆட்டத்தில் நாங்கள் எதிர்பார்க்காதவர்கள் வந்தார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கிறவரும் ஊரில் இருக்கும் அவர் அம்மாவும். ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணும் அவள் அப்பாவும். ஒரு அம்மா எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியிருந்தார்: மகன் போனில் பேசினால் “சாப்பிட்டியா, சாப்பிட்டேன்” என்பதோடு முடிந்துவிடுகிறது, இப்போது “ஏண்டா அந்த ஆட்டை அங்க வெச்ச?” என்று கேட்க முடிகிறது என்றார்.

புதுக் கோளாறுகளும் வந்தன. எதிரி நகர்த்தத் தாமதித்தால் ‘ஞாபகப்படுத்து’ என்று ஒரு பட்டன் வைத்திருந்தோம். ஒருவர் தன் தம்பிக்கு ஒரே இரவில் இருபது தடவை அழுத்தினார். எங்கள் ஆப் மிரட்டுவதை நிறுத்தியது, ஆனால் ஆட்கள் ஒருவரை ஒருவர் மிரட்ட நாங்களே கருவி கொடுத்துவிட்டோம். நாளுக்கு ஒரு தடவை, அதுவும் காலை எட்டிலிருந்து இரவு ஒன்பதுக்குள் என்று மாற்றினோம். இரண்டாவது, பாதியில் விடப்பட்ட ஆட்டங்கள். மூன்று நாள் கழிந்தால் எதிரிக்கு ஜெயம் என்று வைத்திருந்தோம். அப்படிக் கிடைத்த ஜெயம் யாருக்கும் பிடிக்கவில்லை. “அவரு ஆஸ்பத்திரில இருக்காரு, இது என்ன ஜெயம்?” என்று ஒருவர் கேட்டார். இருவர் சம்மதித்தால் ஆட்டத்தை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம் என்று ஆக்கினோம்.

மார்ச்சில் முதலீட்டாளர் முழுத் தவணை தரவில்லை, பாதி தந்தார். ஒருவர் வேறு வேலைக்குப் போனார். விளம்பரத்தை நிறுத்த ஒரே ஒருமுறை 99 ரூபாய் கட்டும் வசதியைத் தொடங்கினோம். கடித ஆட்டக்காரர்கள்தான் அதிகம் கட்டினார்கள். இழந்த வருமானத்தை அது முழுசாக ஈடுகட்டவில்லை, நான்கு பேர் தாக்குப்பிடிக்க மட்டும் போதும்.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் மாற்றங்களைப் பற்றி ஒருமுறை போனில் சொன்னேன். “சந்தோசம் தம்பி, பாப்போம்” என்றார். அவர் வரவில்லை. அழித்துவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் வரவில்லை.

மறுபடி செய்தால்

கேன்டீனில் அந்தப் பெண் போனைக் கவிழ்த்து வைத்த அன்றே பாட்டி கோட்டைத் தொடங்கியிருப்பேன். இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லித் தள்ளிவைத்த வேலை, உண்மையில் உட்கார்ந்தபோது ஏழு வாரத்தில் முடிந்தது. பெட்டியைச் செய்யவும் அதைப் பராமரிக்கவும் அகற்றவும் ஆன நேரத்தைக் கூட்டினால் அதைவிட அதிகம்.

முதல் நாளிலிருந்தே இரண்டு எண்ணைச் சேர்த்துப் பார்ப்பேன்: எத்தனை பேர் திறந்தார்கள், அதில் எத்தனை பேர் ஒரு ஆட்டத்தையாவது முடித்தார்கள். இவை இரண்டும் பிரிந்து போகத் தொடங்கிய ஜூன் மாதத்திலேயே எங்களுக்கு மணி அடித்திருக்கும். போனவர்களுக்கு போன் போடுவதை ஐந்து மாதம் கழித்துச் செய்தோம், அதை மாதா மாதம் செய்வோம். இப்போது மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அதற்கென்றே வைத்திருக்கிறோம், ஆளுக்கு மூன்று பேர்.

பெட்டியை எடுத்த விதத்தையும் மாற்றியிருப்பேன். ஒரே இரவில் எடுத்தோம். தொடர் சேர்த்தவர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி, அவர்கள் எண்ணை அப்படியே நிறுத்தி, ஒரு பட்டயமாகப் பெயர் பக்கத்தில் வைத்துக் கொடுத்திருக்கலாம். பிப்ரவரிக் கடைசியில்தான் அந்த யோசனை வந்தது. பழைய பதிவுகளிலிருந்து எண்களை எடுத்து எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தோம். 90 நாள் என்று எழுதியவர் அதற்குப் பிறகு தன் விமர்சனத்தை மூன்று நட்சத்திரமாக மாற்றினார். இப்போது வாரத்துக்கு இரண்டு போட்டி ஆடுகிறார், பெரும்பாலும் ஆடு பக்கத்தில் தோற்கிறார்.